பள்ளியில் மழைமானி மன்றம்: செங்கோட்டை வட்டாரப் பள்ளிகளுக்கு ஒரு செய்முறை

பள்ளியில் மன்றங்களுக்குக் குறைவில்லை. இலக்கிய மன்றம், வானவில் மன்றம், ஜே.ஆர்.சி. (இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர் என்று வரிசை நீளும். ஆனால் பல இடங்களில் கண்காட்சியோ போட்டியோ நெருங்கும்போதுதான் அவற்றுக்கு உயிர் வருகிறது. தினம் ஐந்து நிமிடம் மட்டும் கேட்கிற, ஒரு நாள்கூட விட்டுவிட முடியாத ஒரு வேலையை மாணவர் கையில் கொடுத்துப் பாருங்கள், மன்றம் ஆண்டு முழுக்க நடக்கும். மழை அளப்பது அப்படி ஒரு வேலை.

செங்கோட்டை, புளியரை, தென்காசி, கடையநல்லூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் மாதம் தென்மேற்குக் காற்றும் சாரலும் வருகின்றன. அக்டோபரில் எதிர்த்திசையிலிருந்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. கணவாய்க்கு மேற்கே கொட்டும் ஜூலை மழை, கிழக்கே சங்கரன்கோவிலை எட்டுவதற்குள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். மழை மறைவுப் பகுதி என்று சமூக அறிவியல் புத்தகத்தில் படிப்பதை, பேருந்தில் போய்வரும் தூரத்துக்குள் எண்ணாகவே பார்க்க முடிகிற ஊர்கள் இவை.

மழைமானியைச் செய்வது

கடையில் ஆயத்தமாக விற்கும் மழைமானியும் கிடைக்கும். ஆனாலும் ஒன்றை மாணவர்களே செய்வது நல்லது. ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று தெரிந்திருந்தால்தான் பழுதாகும்போது கண்டுபிடிப்பார்கள். தேவையானவை: 110 மி.மீ. பி.வி.சி. குழாய் 60 செ.மீ. (கடைக்காரர்கள் நாலு இஞ்ச் பைப் என்பார்கள், பிளம்பரிடம் வெட்டிய துண்டு கேட்டாலே போதும்), அதற்கான எண்ட் கேப் ஒன்று, இரண்டு குழாய்த் துண்டுகளை இணைக்கும், ரப்பர் வளையம் உள்ள கப்ளர் ஒன்று, சரிவு அதிகமுள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று, ஒரே மாதிரியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, சிலிக்கான் பசை, காலி பெயிண்ட் வாளி, மணல். அளக்க, ஆய்வகத்திலிருந்து 100 மி.லி. அளவு ஜாடி.

குழாயை 40, 20 செ.மீ. என இரண்டாக அறுங்கள். 40 செ.மீ. துண்டின் அடியில் எண்ட் கேப்பைப் பசை போட்டு ஒட்டுங்கள். 20 செ.மீ. துண்டுதான் மழை பிடிக்கும் வாய். அதன் மேல் விளிம்பை அரத்தால் வெளிப்பக்கம் சரியும்படி தேய்த்துக் கூர்மையாக்க வேண்டும். விளிம்பு தட்டையாக இருந்தால் அதன்மேல் விழும் துளி உள்ளே தெறிக்குமா, வெளியே தெறிக்குமா என்று சொல்ல முடியாது. புனலின் வாயைக் குழாயின் உள்ளளவுக்கு வெட்டி, மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே இருக்குமாறு உள்ளே பொருத்திச் சுற்றிலும் சிலிக்கான் வையுங்கள். இந்தப் பத்து செ.மீ. சுவர் அவசியம். வெறும் புனலை மட்டும் பாட்டில்மேல் வைத்தால், பெருந்துளி சரிவில் பட்டு வெளியே தெறித்துவிடும். பலத்த மழையில் அளவு குறைந்து காட்டுவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டு துண்டுகளையும் கப்ளரால் இணையுங்கள். இங்கே மட்டும் பசை கூடாது, தினமும் கழற்ற வேண்டியிருக்கும். ரப்பர் வளையம் இல்லாத கப்ளரை வாங்கிவிட்டால், குழாயின் வெளிச்சுவரில் வழியும் தண்ணீர் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். அப்படியானால் பழைய சைக்கிள் டியூபில் அகலமாக ஒரு வளையம் வெட்டி, கப்ளருக்குச் சற்று மேலே இறுக்கமாக மாட்டி, அதன் அடி கப்ளர் வாயை மூடும்படி இழுத்துவிடுங்கள். பாட்டில் கீழ்த் துண்டுக்குள் நிற்கும். புனலின் மூக்கு பாட்டில் வாய்க்குள் இரண்டு விரல் அளவாவது இறங்கியிருக்க வேண்டும்.

வைப்பதற்கு முன் ஒரு சோதனை. அளவு ஜாடியில் சரியாக 100 மி.லி. எடுத்து வாய்ப்பக்கமாக மெல்ல ஊற்றுங்கள். சில நிமிடம் கழித்துப் பாட்டிலில் உள்ளதை அளந்தால் 98 மி.லி.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் சிலிக்கான் ஒட்டில் கசிவு இருக்கிறது. அடுத்து வெளிச்சுவரில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். கீழ்க்குழாய்க்குள் ஒரு சொட்டும் போயிருக்கக் கூடாது.

கணக்கு

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். நம் மழைமானியின் வாய் எவ்வளவு பரப்போ அதற்கேற்ப மி.லி.யை மி.மீ. ஆக்க வேண்டும். வாயின் உள்விட்டத்தை வெர்னியர் அளவியால் நான்கு திசையில் அளந்து சராசரி எடுங்கள். அறுத்த குழாய் பெரும்பாலும் சரியான வட்டமாக இருக்காது. குழாயின் கனத்துக்கு ஏற்ப உள்விட்டம் மாறும். எடுத்துக்காட்டாக 10.4 செ.மீ. வந்தால், ஆரம் 5.2 செ.மீ., பரப்பு சுமார் 85 சதுர செ.மீ. அப்படியென்றால் 8.5 மி.லி. தண்ணீர் 1 மி.மீ. மழை. 85 மி.லி. என்றால் 10 மி.மீ.; 425 மி.லி. என்றால் 50 மி.மீ.

இதை ஒரு அட்டவணையாக எழுதிப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். தினமும் புதிதாகக் கணக்குப் போடச் சொன்னால் பிழை வரும். இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, குழாயில் அச்சிட்டிருக்கும் 110 மி.மீ.யையே விட்டமாக எடுத்துக்கொள்வது. அது வெளி அளவு. அதை வைத்துக் கணக்குப் போட்டால் மழை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். மற்றொன்று, ஆரத்துக்குப் பதில் விட்டத்தை வர்க்கப்படுத்துவது. மழை நாலில் ஒரு பங்காகிவிடும். செய்தித்தாள் எண்ணோடு ஒரு வாரம் ஒப்பிட்டாலே இந்த இரண்டாவது பிழை தெரிந்துவிடும். முதலாவது தெரியாது. அதனால் வெர்னியர் அளவை ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் தனித்தனியே எடுத்து, ஒத்துப்போன பிறகே எழுதுங்கள்.

எங்கே வைப்பது

பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி. ஆறு மீட்டர் உயரக் கட்டடம் என்றால் பன்னிரண்டு மீட்டர். விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. அளவில் இருந்தால் போதும். பெயிண்ட் வாளியைத் தரையில் புதைத்து, மணல் நிரப்பி, அதில் குழாயை நிறுத்துங்கள். வேண்டும்போது குழாயைத் தூக்கி எடுக்கலாம், ஆடு முட்டினாலும் சாயாது. விளிம்பில் ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் சரிபாருங்கள். சுற்றிலும் சிமென்ட் தளம் கூடாது, துளி தெறித்து உள்ளே வரும். சிறு ஜல்லியோ குட்டையாக வெட்டிய புல்லோ இருக்கட்டும். புல் வளர விடாதீர்கள். காலை வேளையில் பிள்ளைகள் நடக்கும் இடம், பூச்சி பொட்டு இருக்கும்.

மொட்டை மாடியில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று பல பள்ளிகளில் மாடியையே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பக்கத்தில் அது பெரிய தவறு. கணவாய்க் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எப்படி அடிக்கும் என்பது தெரிந்ததுதான். உயரம் கூடக் கூடக் காற்றின் வேகம் கூடும். காற்று மழைமானியின் வாய்மேல் எழும்பிக் கடக்கும்போது நுண்ணிய துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். சாரலில் துளி மிகச் சிறியது, படுக்கை வாட்டத்தில் வருவது. அதற்கு இந்த இழப்பு மிக அதிகம். சட்டையெல்லாம் நனைந்திருக்கும், பாட்டிலில் 1 மி.மீ. கூட இராது. இதை மறைக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் காற்றுக்கு ஒரு கட்டம் விட்டு, "சாரல், பலத்த காற்று" என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு இதையே ஓர் ஆய்வாகச் செய்யலாம்: ஒரே மாதிரி இரண்டாவது மழைமானி ஒன்றைச் செய்து, ஜூலை முழுக்க மாடியில் வைத்து, கீழே உள்ளதோடு நாள்தோறும் ஒப்பிடுங்கள். மாடிக்கு ஆசிரியர் உடன் போக வேண்டும். மாவட்டக் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்வதைவிட இந்த ஒரு வரைபடம் எவ்வளவோ மேல்.

காலை 8.30

இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. அளந்த நாளின் தேதியே அந்த மழைக்கு உரியது. திங்கள் மாலை பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில்தான் வரும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் தடுமாறும் இடம் இது. பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

அளக்கும் முறை இப்படி. இருவர் போக வேண்டும், எட்டாம் வகுப்பில் ஒருவர், ஒன்பதில் ஒருவர். காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், மேல் துண்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து மூடி, காலியை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிடுங்கள். மழை பெய்துகொண்டிருந்தாலும் அளவு கெடாது, நோட்டும் நனையாது. பாட்டில் நீரை ஜாடியில் ஊற்றி, ஜாடியை மேசைமேல் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, நடுவில் குழிந்திருக்கும் மட்டத்தின் அடியைப் படிக்க வேண்டும். ஜாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படித்தால் அது சாயும். ஒருவர் படித்துத் துண்டுத்தாளில் எழுதி மறைத்துக்கொள்ளட்டும், அடுத்தவரும் அப்படியே. இரண்டும் 1 மி.லி.க்கு மேல் வேறுபட்டால் மறுபடி படிக்க வேண்டும். இருவரும் படித்து முடியும் வரை தண்ணீரைக் கொட்டக் கூடாது. 100 மி.லி.யைத் தாண்டினால் ஜாடி ஜாடியாக ஊற்றி, ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுங்கள். நிறைய இருக்கிறதே என்று பீக்கரில் அளந்துவிட வேண்டாம், பீக்கர் கோடுகள் தோராயமானவை.

ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 117 மி.மீ. வரை கொள்ளும். அதற்கு மேல் பெய்தால் வழிந்து கீழ்க்குழாயில் தேங்கும். அன்று குழாயையே தூக்கி, அந்த நீரையும் ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். 2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 946 மி.மீ. பதிவானது. நம் குழாயில் அது எட்டு லிட்டர், கொள்ளாது. அதனால் மழை விடாமல் கொட்டும் நாளில் பள்ளி விடும் முன் ஒருமுறை அளந்து, நேரத்தோடு தனியாகக் குறித்து, மறுநாள் காலை அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள். இடி மின்னல் இருக்கும்போது யாரும் வெளியே போகக் கூடாது. தாமதமாக அளந்தால் உண்மையான நேரத்தை எழுதினால் போதும்.

யார், எந்த நாள்

அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு அமைப்பின் ஐந்து குழுக்கள் இருக்கின்றன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. பள்ளி நாளும் ஐந்து. திங்கள் குறிஞ்சி, செவ்வாய் முல்லை என்று ஒதுக்கிவிட்டால் முறைப்பட்டியல் தயார். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், பேருந்தைப் பாருங்கள். முதல் டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எட்டேகாலுக்கே பள்ளி வாசலில் இருப்பார்கள். இந்த வேலைக்கு அவர்கள்தான் சரி. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, காலை வணக்கக் கூட்டத்தில் "இன்று காலை எட்டரை மணி வரை நம் பள்ளியில் பெய்த மழை 12.4 மில்லிமீட்டர்" என்று சொல்லும்போது மொத்தப் பள்ளியும் காது கொடுக்கும். செய்தி வாசிப்புக்கு அடுத்து அந்த ஒரு வரிக்கு இடம் கேட்டு வாங்குங்கள். பத்தாம் வகுப்பினரை அரையாண்டுத் தேர்வோடு விடுவித்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். கட்டம் விடாமல் நிரப்பியதற்காகக் குழுவுக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள், அளந்தோ அளக்காமலோ. புள்ளி கொடுப்பதானால், மறந்த நாளில் "அளக்கவில்லை" என்று நேர்மையாக எழுதியதற்குக் கொடுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0.0 எழுத வேண்டும். அளக்காத நாளுக்கு "அளக்கவில்லை". இரண்டும் வேறு வேறு. பாட்டில் நனைந்திருக்கிறது, ஆனால் அளக்க நீரில்லை என்றால் "துளி". வெற்றுக் கட்டம் எங்கும் இருக்கக் கூடாது. எழுதியது தவறானால் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் திருத்தம், கையெழுத்து, வொயிட்னர் கிடையாது. பதிவேட்டைப் புரட்டும்போது கடைசி இலக்கம் எல்லாம் 0, 5 என்றே முடிந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதுகிறார்கள் என்று பொருள். திட்ட வேண்டாம், அந்த இருவரோடு ஒரு வாரம் கூடப் போய் நின்றாலே சரியாகிவிடும்.

சனி, ஞாயிறுதான் பெரும்பாடு. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைகள் இருவர், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், தலைமையாசிரியர் அனுமதி, வாயில் சாவி யாரிடம் என்ற தெளிவு, இவை நான்கும் கூடினால் ஞாயிறும் அளக்கலாம். கூடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். திங்கள் காலை அளந்து "3 நாள் சேர்ந்தது" என்று எழுதுங்கள். மாத மொத்தம் கெடாது, மழை நாள் எண்ணிக்கை மட்டும் கெடும். புனல் வழியாகப் பாட்டிலில் இறங்கிய நீர் இரண்டு நாளில் அதிகம் ஆவியாகாது. எண்ணெய் விட்டு ஆவியாதலைத் தடுக்கலாமே என்று தோன்றும். விட்டால் ஜாடியிலும் பாட்டிலிலும் ஒட்டிக்கொண்டு தினசரி அளவைக் குழப்பும்.

கெட்டுப்போவது எங்கே

புனல் துளையில் வேப்பிலைக் காம்பு அடைக்கும். மேலே நீர் தேங்கி நிற்கும். வாரம் ஒரு முறை ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். கொசுவலைத் துணி கட்டினால் இலை வராது, ஆனால் தூறலை வலையே குடித்துவிடும், கட்டாதீர்கள். கோடையில் எறும்பும் குளவியும் கூடு வைக்கும். வளாகம் பெருக்கும் அக்காவுக்கு அது என்னவென்று சொல்லி வையுங்கள், நல்லெண்ணத்தில் தண்ணீரைக் கொட்டிவிடுவார். கிரிக்கெட் பந்து போகும் திசையில் வைக்காதீர்கள். யாரோ விளையாட்டாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால், சுற்றியுள்ள மண் காய்ந்திருக்கும், பாட்டில் மட்டும் நிறைந்திருக்கும். அன்று "சந்தேகம்" என்று எழுதி எண்ணையும் எழுதுங்கள், அழிக்காதீர்கள்.

எண்கள் சேர்ந்த பிறகு

மாத முடிவில் சார்ட்டில் பட்டை வரைபடம், 1 செ.மீ.க்கு 10 மி.மீ. அதன் கீழே மழை நாள் எண்ணிக்கை, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாள்தான் மழை நாள். 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. டி.வி.யில் கேட்கும் இந்தச் சொற்கள் எல்லாம் எண்ணாகத் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் செய்தி கேட்கும் விதமே மாறும். ஜூலையில் குட்டிப் பட்டைகள் நெருக்கமாக நிற்கும், நவம்பரில் நெடும்பட்டைகள் சில மட்டும் தள்ளித் தள்ளி நிற்கும். இரண்டு பருவமழையின் குணமும் அந்தச் சார்ட்டிலேயே இருக்கிறது.

கணக்கு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள கட்டடக் கூரை 320 சதுர மீட்டர். 25 மி.மீ. மழையில் அதன்மேல் 8,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 6,400 லிட்டர். பள்ளித் தொட்டி எத்தனை லிட்டர் என்று பிள்ளைகளே போய் அளந்து வருவார்கள்.

செய்தித்தாளில் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனா அணைப் பகுதிகளின் மழையளவு வரும். அதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் செய்யுங்கள். பள்ளியில் 0.0, மலையடி அணையில் 40 மி.மீ. என்று சில நாள் வரும். குற்றாலத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே அருவியில் திடீர் வெள்ளம் இறங்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வழியில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி இறங்கிய வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. நம் பிள்ளைகள் விடுமுறைக்கு அருவிக்குப் போகிறவர்கள். மலையில் பெய்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் இந்தப் பதிவேட்டிலிருந்து வந்தால், வேறெந்தப் பரிசும் வேண்டாம்.

ஓர் ஆண்டு ஓடிய பிறகு கணவாய்க்கு அப்பால், கேரளத்தில் ஒரு கூட்டாளிப் பள்ளியைத் தேடுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். ஆரியங்காவிலும் தென்மலையிலும் புனலூரிலும் சொந்தம் உள்ள பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். அங்கே படிக்கும் அத்தை மகனிடம் பேசினாலே தொடர்பு கிடைத்துவிடும். எண்ணுக்கு மலையாளமும் தமிழும் ஒன்றுதான்; மி.மீ., காலை 8.30, அளந்த நாளின் தேதி என்ற மூன்றில் மட்டும் இரு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஓண விடுமுறை, நமக்குக் காலாண்டு விடுமுறை. விடுபடும் நாட்கள் வேறு வேறாக வரும் என்பதால், இரு பக்கமும் அளந்த நாட்களை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். ஜூன், ஜூலை மாதங்களுக்குப் புளியரை, சங்கரன்கோவில் பள்ளிகளும் சேர்ந்தால், மேற்கிலிருந்து கிழக்காக நான்கு பட்டைகள் படிப்படியாகக் குட்டையாவதை ஒரே தாளில் வரையலாம்.

கைமாற்றுவது

ஒன்பதாம் வகுப்புக்காரர் பத்துக்குப் போகும்போதுதான் இந்த மன்றம் முறியும். அதனால் பிப்ரவரியிலேயே ஏழாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்து, முதல் மாதம் வெறுமனே பார்க்கவும், மார்ச்சில் படிக்கவும், ஏப்ரலில் தனியாகச் செய்யவும் விடுங்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் ஒருமுறை போன் கேமராவில் எடுத்து ஆசிரியர் இருவரிடம் வைத்திருங்கள். மாற்றலாகிப் போகும் ஆசிரியரோடு நோட்டும் போய்விடுவது உண்டு. முடிந்த பதிவேடு நூலகத்தில் பதிவு எண்ணோடு இருக்கட்டும்.

மே கடைசி வாரத்தில் கப்ளர் ரப்பரை எடுத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். 100 மி.லி. சோதனையை மறுபடி செய்யுங்கள், விளிம்பை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அந்தத் தேதியையும் சோதனையில் வந்த அளவையும் புதிய பதிவேட்டின் முதல் வரியாக எழுதிவிட்டால், ஜூன் முதல் சாரலுக்கு மழைமானி ஆயத்தம்.